தப்பும் தகர வில்லையும்: மறைமொழிகளும் உலகப் பொதுமொழிக் கனவும்

(பலாங்கொடையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1901ஆம் ஆண்டு, தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரப் புதிய ஏற்பாடொன்று நடைமுறைக்கு வந்தது. புறப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. எழுத்தும் எண்களும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. இவர் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர், அந்தத் தோட்டத்துக் கணக்கில் எத்தனையாவது ஆள் என்பதை அவை சொல்லும். ரயில் கட்டணமும் வழிச்செலவும் அந்த எண்ணின் பேரிலேயே எழுதப்பட்டன. 'டின் டிக்கட்' என்று பெயர் பெற்ற இந்த வில்லையை ரயில்வே ஊழியர் வாசித்தார், முகாம் அதிகாரி வாசித்தார், தோட்டத்துக் கிளாக்கர் வாசித்தார். கழுத்திலோ முந்தானையிலோ அதைச் சுமந்துவந்தவர்களில் பெரும்பாலோருக்கு மட்டும் அது என்ன சொல்கிறது என்று தெரியாது.

மறைமொழிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் அரசர்களையும் ஒற்றர்களையும் போர்க்களங்களையும் தேடிப் போவார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே மொழி என்ற கனவைப் பற்றி எழுதுபவர்களோ ஐரோப்பிய ஞானிகளின் வாசிப்பறைக்குள் நுழைவார்கள். சப்பிரகமுவைத் தோட்டங்களிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே வரலாறாகத் தெரிகின்றன. ஒரு குறியை உண்டாக்கியவர் யார், அதன் பொருளைச் சொல்லும் புத்தகம் யார் கையில் இருந்தது என்பதே இவ்வுரை எழுப்பும் கேள்வி.

குழுவுக்குள் ஒரு பேச்சு

தமிழ் இலக்கணம் மறைமொழிக்கு முறையான இடம் கொடுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொண்ட சொல்தான் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். கள்ளுக்கு இட்ட பெயரில் நக்கல் இருக்கிறது. குடித்தவன் வாயிலிருந்து உண்மை வெளிவந்துவிடும் என்பதை அந்த வேடர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

வணிகத்தில் இந்த மறைப்பு விரல்களுக்கு இறங்கியது. 17ஆம் நூற்றாண்டில் இந்திய வைரச் சுரங்கங்களைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவர்னியே, துணிக்கடியில் கைகோத்து விலை பேசும் முறையை விவரித்திருக்கிறார். முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம், ஒரு விரலைப் பிடித்தால் நூறு, விரலின் நடுக்கணு வரைக்கும் ஐம்பது, நுனிக்கணுவுக்குப் பத்து. சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டும்தான் தெரியும். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்புக் காலத்தில் மரிச்சுக்கட்டிக் கரையில் கூடிய முத்து வியாபாரிகளும் இப்படியே விலை பேசினார்கள். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் தோள்துண்டைக் கையின்மேல் போட்டு விரல் பிடிப்பதும் இதே மரபுதான். மாணிக்கக் கற்களுக்குப் பேர்போன இரத்தினபுரி மாவட்டத்தில் இந்த விரல் கணக்கை விளங்கப்படுத்தப் பெரிய உரை தேவையில்லை.

சிங்களக் கமக்காரரிடம் இன்னொரு வகை இருந்தது. சூடுமிதிக்கும் களத்தில் அன்றாடச் சொற்களை விட்டுவிட்டுத் தனிச் சொற்களால் பேசுவார்கள். 'கமத்து பாஷை' என்று அதற்குப் பெயர். அங்கே மறைக்க வேண்டியது மனிதரிடமிருந்து அல்ல, விளைச்சலைக் கவர்ந்துபோகும் என்று நம்பப்பட்ட கண்காணாச் சக்திகளிடமிருந்து. தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் 'க' சேர்த்துப் பெரியவர்களைத் திகைக்கவைக்கும் 'க' பாஷையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மறைக்காத குறிகளும் உண்டு. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் அவற்றின் வரிசை எண் வைக்கப்பட்டிருக்கிறது. கடபயாதி முறையில் எழுத்துக்கு ஓர் எண். தீரசங்கராபரணத்தின் முதல் இரண்டு எழுத்துகளும் 9, 2. திருப்பி வாசித்தால் 29ஆவது மேளம். மாயாமாளவகௌளை அதே கணக்கில் 15. அட்டவணையைக் கற்றுக்கொள்ள விரும்பும் எவருக்கும் இந்தப் பூட்டு திறக்கும்.

புறாவிலிருந்து தந்திக்கு

1850இல் கொழும்பிலிருந்து வெளிவந்த 'சிலோன் ஒப்சேர்வர்' பத்திரிகை புறாக்களை வேலைக்கு வைத்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் காலியில்தான் நங்கூரமிட்டன. அங்கிருந்து கொழும்பு 72 மைல். குதிரைவண்டித் தபால் வந்துசேருமுன் செய்தி அச்சேற வேண்டும் என்பதற்காக, மெல்லிய கடதாசியில் சுருக்கி எழுதிய செய்தியைப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிட்டார்கள். கிரைமியப் போர்ச் செய்திகள் கொழும்புக்கு வந்த வழிகளில் இதுவும் ஒன்று. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு வேலை போயிற்று.

தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். கடல் கடந்து இலண்டனுக்கு அனுப்புவதென்றால் ஒவ்வொரு சொல்லும் விலையுயர்ந்த சரக்கு. ஆகவே, ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் குறிப்புப் புத்தகங்கள் புறப்பட்டன. 1873இல் கிளாசன்-தூ என்ற கப்பல் முகவர் ஏ.பி.சி. கோடைத் தொகுத்தார். 1880களில் 'யூனிகோட்' என்ற பெயரிலேயே ஒரு தந்திச் சொற்றொடர்ப் புத்தகம் இலண்டனில் வந்தது. முந்தியதும் பிந்தியதும் தம் தலைப்பில் 'உலகப் பொது' என்று போட்டுக்கொண்டன. 1906இல் பென்ட்லி என்பவர் ஐந்தெழுத்துக் குறிகளால் ஒரு புத்தகம் செய்தார். பத்தெழுத்தை ஒரு சொல்லாகத் தந்தி நிலையங்கள் ஏற்றதால், இரண்டு குறிகளை ஒட்டி ஒரு சொல்லின் காசில் அனுப்பலாம். கணக்குத் தெரிந்த வியாபாரிக்கு அதுவே பாதிச் செலவு மிச்சம்.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது. அதற்குப் பிறகு கொழும்புத் தரகருக்கும் இலண்டன் மின்சிங் லேன் வியாபாரிக்கும் இடையே ஓடிய தந்திகளைச் சுமந்தவை இப்படிப்பட்ட குறிகளே. 1879இல் இலண்டனில் கூடிய சர்வதேசத் தந்தி மாநாடு, குறிச்சொற்களை எந்தெந்த மொழிகளிலிருந்து எடுக்கலாம் என்று வரையறுத்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், டச்சு, போர்த்துக்கீசம், ஸ்பானியம், இலத்தீன் என எட்டு மொழிகள். தேயிலையைக் கிள்ளிய கைகளின் மொழி அந்தப் பட்டியலில் வரவில்லை. அந்தக் கைகள் பறித்த கொழுந்தின் விலை அந்த எட்டு மொழிகளில் பேசப்பட்டது.

ஒரே மனிதரின் இரண்டு புத்தகங்கள்

மறைமொழியும் பொதுமொழியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணத் தோன்றும். ஒன்று பிறரை வெளியே நிறுத்துவது, மற்றது எல்லாரையும் உள்ளே அழைப்பது. ஆனால் இங்கிலாந்தின் ஜோன் வில்கின்ஸ் இரண்டையும் எழுதினார். 1641இல் இரகசியச் செய்திப் பரிமாற்றம் பற்றி 'மெர்க்குரி' என்ற நூல். 1668இல், இலண்டன் ரோயல் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவராக, உலகத்தார் எல்லாருக்கும் பொதுவான ஒரு தத்துவ மொழியைப் பெரியதொரு நூலாக முன்வைத்தார். உலகத்திலுள்ள பொருள்களையும் எண்ணங்களையும் நாற்பது பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பிரித்துக்கொண்டே போனார். 'டே' என்றால் பூதம். 'டெப்' என்றால் அதில் நெருப்பு. 'டெபா' என்றால் நெருப்பில் சுவாலை. சொல்லைக் கேட்டவுடனே பொருள் உலக அட்டவணையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இது ஓர் அழகான குறிப்புப் புத்தகம். உலகத்தை நாற்பதாகப் பிரித்தவர் வில்கின்ஸ். தகர வில்லையில் தோட்டத்தையும் ஆளையும் எண்ணால் குறித்ததற்கும் இதற்கும் நோக்கத்தில் மலையளவு தூரம். வேலை செய்யும் முறையில் அவ்வளவு தூரமில்லை. இரண்டிலும், எதை எந்தப் பிரிவில் வைப்பது என்று தீர்மானிப்பவர் ஒருவர், அந்தப் பிரிவில் வாழ வேண்டியவர் வேறொருவர்.

19ஆம் நூற்றாண்டு இந்தக் கனவை மக்களிடம் கொண்டுபோனது. பிரான்ஸில் பிரான்சுவா சுத்ர் என்ற இசை ஆசிரியர் ஏழு சுரங்களாலேயே ஒரு மொழியைக் கட்டி, அதற்கு 'சொல்ரெசோல்' என்று பெயரிட்டார். பேசலாம், பாடலாம், வயலினில் வாசித்தும் காட்டலாம். 1879இல் ஜெர்மன் கத்தோலிக்கக் குருவானவர் ஷ்லேயர் 'வொலாப்யூக்' என்ற மொழியை வெளியிட்டார். பத்தாண்டுக்குள் சங்கங்களும் பத்திரிகைகளும் பெருகின. 1889 பாரிஸ் மாநாடு வொலாப்யூக்கிலேயே நடந்தது. அதே சமயத்தில்தான் சரிவும் தொடங்கியது. இலக்கணத்தைத் திருத்த வேண்டும் என்று அன்பர்கள் கேட்டார்கள். இறுதி முடிவு தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஷ்லேயர் பிடிவாதமாக நின்றார். இயக்கம் உடைந்து சிதறியது.

போலந்து யூதக் கண் வைத்தியர் சாமென்ஹோஃப் வேறு வழியில் போனார். 1887இல் வார்சாவில் 'டொக்டர் எஸ்பெராந்தோ' என்ற புனைபெயரில் வெளியிட்ட சிறு நூலில் 16 விதிகளைத் தந்தார். மொழியின்மேல் தனக்கு எந்த உரிமையும் வேண்டாம், அது பேசுபவர்களுக்கே சொந்தம் என்று எழுதிக்கொடுத்தார். எஸ்பெராந்தோ இன்றும் உயிரோடு இருப்பதற்கு எளிமையான இலக்கணம் ஒரு காரணம். அந்தத் துறவு இன்னொரு காரணம். கொடுத்த விலையும் சிறிதல்ல. ஹிட்லரும் ஸ்டாலினும் எஸ்பெராந்தோ பேசியவர்களை வேட்டையாடினார்கள். சாமென்ஹோஃபின் மூன்று பிள்ளைகளும் நாஜிகளின் கையில் மாண்டார்கள்.

'இங்கே வா'

1930இல் சி.கே. ஒக்டன் என்ற ஆங்கிலேயர், உலகத்துக்கு 850 ஆங்கிலச் சொற்கள் போதும் என்று 'பேசிக் இங்கிலிஷ்' திட்டத்தை அறிவித்தார். வினையாக வேலை செய்ய 18 சொற்கள். இதை ஒரு புதுமையாக உலகம் பார்த்தது. இலங்கைத் தோட்டங்களில் அதைவிடச் சிறிய ஒரு மொழி ஏற்கெனவே அச்சில் இருந்தது. உதவித் தோட்ட நிர்வாகியான சின்னத்துரையாகக் கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்கார இளைஞன் தமிழ் படித்தாக வேண்டும். அவனுக்காக ஃபெர்குசன் நிறுவனம் கொழும்பில் வெளியிட்ட கையேட்டின் தலைப்பே 'இங்கே வா'. பிறகு, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' பரவலாகப் பயன்பட்டது. வா, போ, எடு, வெட்டு, சீக்கிரம் என்ற ஏவல்களே அந்தத் தமிழின் முதுகெலும்பு. கேள்வி கேட்கவும் கணக்குப் பார்க்கவும் வேண்டிய சொற்கள் துரைக்கு இருந்தன. கேட்கப்படுபவர் திருப்பிக் கேட்பதற்கு அந்தப் புத்தகத்தில் அதிகம் இடமில்லை.

மேலிருந்து வந்த குறிகள் இன்னும் பல. 'துண்டு' என்பது துரை இன்னொரு துரைக்கு எழுதும் சீட்டு: இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் இத்தனை ரூபாய் கடனில் இருக்கிறார்கள், கட்டினால் விடுவிக்கலாம். ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அந்தக் கடதாசியில் எழுதப்பட்டு, அவர்கள் கைக்கு எட்டாத வழியில் போய்வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு விழும் 'பேர்', கொழுந்து குறைந்த நாளில் விழும் 'அரைப் பேர்' என்பவையோ ஒழியாமல் பிள்ளைகளின் சோற்றை அளந்தன.

கீழிருந்தும் குறிகள் புறப்பட்டன. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூடலுக்கு, அழைக்கத் தப்பு என்ற பறை முழங்கும். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' கவிதையில் மலைநாட்டு விடியலும் அந்த முழக்கமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகின்றன. ஆனால் பெரட்டு அடி மட்டுமே தப்பின் பேச்சு அல்ல. சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு வேறோர் அடி. அடுத்த மலையில் நிரை பிடித்து நிற்பவருக்கு, எந்த லயக் குடியிருப்பில் என்ன நடந்தது என்று ஓசையே சொல்லிவிடும். துரைக்குக் கேட்டது மேளச் சத்தம். இந்தப் பெருமையோடு ஒரு கசப்பும் ஒட்டியிருக்கிறது: தப்படிப்பது ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட கடமையாகவும் இருந்தது. தொழிலாளரின் குறிப்புப் புத்தகமும் எல்லார் கையிலும் சமமாக இருக்கவில்லை.

வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பது மலையக வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. தலைச்சுமைத் துணி மூட்டை அங்கே மறைமொழியின் வேலையைச் செய்தது. 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் மனைவி மீனாட்சி அம்மையும் அதற்குப் பிறகு பாட்டாகவும் துண்டுப்பிரசுரமாகவும் வெளிப்படையாகவே பேசினார்கள்.

ஒரு விஷயத்தில் துரைமாரே தொழிலாளரின் அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்துக் கிராமங்களின் பெயரைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள்; தொழிலாளரோ தமக்குத் தோன்றிய தமிழ்ப் பெயரால் அவற்றை அழைத்தார்கள். கங்காணிக்கும் தபால் சுமப்பவருக்கும் ஆங்கிலப் பெயர் விளங்காது. ஆகவே ஃபெர்குசன் டைரக்டரி தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து அச்சிட்டது. மேலே சொன்ன எல்லாக் குறிப்புப் புத்தகங்களிலும் இது ஒன்றுதான் கீழிருந்து மேலே போனது.

காலிக் கல்

பொதுமொழி இல்லாமலே பொதுச் செய்தி சொல்ல முடியும் என்பதற்கு இலங்கையில் 600 ஆண்டுப் பழைய சான்று உண்டு. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த பலகைக் கல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அந்தக் கல்லில் 1409 பெப்ரவரி 15க்கு இணையான திகதி இடப்பட்டிருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள்.

மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பல்ல. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவிநுவரையின் தென்னாவரை நாயினாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனை. காணிக்கைப் பட்டியல் மட்டும் பெரும்பாலும் ஒன்றே: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய். தெய்வத்துக்கு அவரவர் பெயர், கணக்கில் எல்லாருக்கும் சமம். வில்கின்ஸின் நாற்பது பிரிவுகளைவிட இந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் இந்து சமுத்திரத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் கல்லின் அரசியல் அறிவு 20ஆம் நூற்றாண்டு இலங்கைக்கு வாய்க்கவில்லை. 1956ஆம் ஆண்டுச் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அரச கடிதம் மறைமொழியாக வந்துசேர்ந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத்துக்கு வெளியே, பலாங்கொடைச் சந்தையில் மேசை, அலமாரி என்று போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே உருவில் புழங்கின. கங்காணி சிங்களத்திலும் 'கங்காணி'யே. எவரும் திட்டமிடாத இந்தப் பொதுச்சொற்கள் வொலாப்யூக்கைவிட அதிக காலம் வாழ்ந்துவிட்டன.

ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி

கணினி வந்தபோது தமிழே சில காலம் மறைமொழியாயிற்று. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் 'பாமினி' எழுத்துரு பரவியிருந்தது. அதில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கணினிக்குள் பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருப்பவருக்கு அது தமிழ். இல்லாதவருக்குப் பொருளற்ற கிறுக்கல். இலண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வந்த மின்னஞ்சல்கள் எத்தனையோ பேரின் திரையில் அப்படிக் கிறுக்கலாக நின்றன.

1988இல் ஜோ பெக்கர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்வரிசை தரும் திட்டத்தை முன்வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் யூனிகோட்: நூறாண்டுக்கு முந்தைய தந்திப் புத்தகத்தின் அதே பெயர். 1991இன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. 247 எழுத்துகளையும் தனித்தனியாக வைக்காமல், உயிர்மெய்யைத் துண்டுகளாகச் சேர்க்கும் இந்திய அரசின் பழைய குறியேற்ற முறையைப் பின்பற்றியதால் தமிழ்க் கணிமை உலகில் நெடுங்காலம் வாதம் நடந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது பயன்படாத இடங்களுக்கு டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. வாதம் எழுத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், அட்டவணையை வகுத்த மேசையில் தமிழர் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே அதன் அடியில் கிடந்த கேள்வி.

அதே கேள்வி விண்வெளிக்கும் போயிருக்கிறது. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. சிங்களம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன. பல ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வழக்கொழிந்த சுமேரியம்கூட இருக்கிறது. தமிழ் இல்லை. விடுபட்டதற்குப் பெரிய சதி ஏதும் தேவையில்லை. குறுகிய காலத்தில், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சுற்றுவட்டத்தில் கிடைத்த குரல்களையே பெரும்பாலும் பதிவுசெய்தார்கள்.

பதிவுசெய்பவரின் அருகில் இருக்கும் குரலே பதிவாகும் என்றால், பலாங்கொடையின் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் செய்யக்கூடிய வேலை மிகவும் திட்டவட்டமானது. முதலாவது, தப்படிப்பவர்கள் இருக்கும்போதே ஒவ்வோர் அடியையும் அதன் பெயரோடும் சந்தர்ப்பத்தோடும் அடிப்பவரின் விளக்கத்தோடும் ஒலிப்பதிவு செய்வது. இரண்டாவது, பழைய டைரக்டரிகளில் அச்சான தோட்டத் தமிழ்ப் பெயர்களை லயங்களில் இன்று வழங்கும் பெயர்களோடு ஒப்பிட்டுப் பட்டியலிடுவது. மூன்றாவது, பெரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, அரைப் பேர் போன்ற சொற்களுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று நிரல்களில் ஓர் அகராதி தொகுப்பது. இம்முறை விளக்கம் எழுத வேண்டியவர்கள் கொழுந்து எடுத்தவர்கள். கிளாக்கரும் ஆசிரியரும் மாணவரும் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாம்.